பம்பு சுடும்

பெட்ரோல் பங்குகளில் காற்றடிக்கும் மூலையில் இப்போது இரண்டு குழாய்கள். ஒன்றில் சாதாரணக் காற்று. அதற்குக் காசு கிடையாது. இன்னொன்றில் நைட்ரஜன், டயருக்கு இவ்வளவு என்று அட்டை தொங்குகிறது. அடித்து முடித்ததும் வால்வுக்குப் பச்சை மூடி போட்டு அனுப்புகிறார்கள். அடையாறில் எங்கள் குடியிருப்பின் வண்டி நிறுத்தத்தில் பாதிச் சக்கரங்களில் அந்தப் பச்சை மூடியைப் பார்க்கலாம். மூச்சில் இழுக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு இதே நைட்ரஜன்தான் என்று வருஷக்கணக்கில் தி. நகர்ப் பள்ளியொன்றில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். அதனால் அந்த மூடியைக் கடந்து போகும்போதெல்லாம் நின்று யாரிடமாவது பேச வேண்டும் போலிருக்கிறது.

நைட்ரஜன் அடிப்பது ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் அந்த நியாயம் எதுவென்று யாரும் சொல்வதில்லை, சொல்வதெல்லாம் வேறு. "நைட்ரஜன் சூட்டுல விரியாது மேடம், டயர் வெடிக்காது" என்கிறான் பங்கில் நிற்கும் பையன். படித்தவர்களும் தலையாட்டிவிட்டுப் பணம் கொடுக்கிறார்கள். சூட்டில் விரியாத வாயு என்று உலகத்தில் ஒன்று இல்லை. டயரில் 32 பி.எஸ்.ஐ. அடித்திருக்கிறோம் என்றால், வெளிக்காற்றின் அழுத்தம் 14.7-ஐயும் சேர்த்து உள்ளே இருப்பது 46.7. விடிகாலை 27 டிகிரியில் அடித்த டயர், மே மாதத்து மதியம் ஓ.எம்.ஆரில் ஓடி 60 டிகிரிக்குச் சூடேறினால், கெல்வின் கணக்கில் அது 300-லிருந்து 333. அழுத்தமும் அதே விகிதத்தில் ஏறும். 46.7 கிட்டத்தட்ட 51.8 ஆகும், மீட்டர் 37 காட்டும். உள்ளே இருப்பது நைட்ரஜனா, ஆக்சிஜனா, இரண்டும் கலந்த காற்றா என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை.

இந்தக் கணக்கு எனக்குப் புத்தகத்திலிருந்து வருவதற்கு முன்னால் கையில் வந்துவிட்டது. எழுபதுகளில் மயிலாப்பூர் சித்திரக்குளத்துப் பக்கம் ஒரு சைக்கிள் கடை இருந்தது. நடத்தியவரை எல்லாரும் பாய் என்றே கூப்பிடுவோம். காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் அமுக்குகிற நெட்டை பம்பு அவரிடம் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் தாங்களே அடித்துக்கொள்ளலாம்; அதற்குக் காசு வாங்கமாட்டார். பத்து அமுக்கு அமுக்கியதும் பம்பின் அடிப்பாகத்தைக் காட்டி, "தொட்டுப் பாரு பாப்பா, சுடும்" என்பார். சுடும்தான். உள்ளே உரசுகிறது, அதனால் சுடுகிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். உரசலின் பங்கு சிறிது. மீதியெல்லாம் காற்றை அமுக்கியதால் பிறந்த சூடு. நாம் கையால் செலுத்திய வேலை காற்றின் துகள்களுக்கு வேகமாகப் போய்ச் சேருகிறது. அந்த வேகத்தைத்தான் சூடு என்கிறோம். அதையே திருப்பியும் காட்டுவார். நிறைந்த டியூபின் வால்வைக் கழற்றிக் காற்றைப் புஸ்ஸென்று விடுவார். விரல் வைத்தால் ஜில்லென்றிருக்கும். அமுக்கினால் சூடு, விரிந்தால் குளிர். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து ராக்கெட் எரிபொருள் வரைக்கும் இந்த இரண்டு வாக்கியத்தின் மேல்தான் நிற்கிறது.

சில வருஷம் கழித்து அவர் கம்ப்ரெஸர் வாங்கினார். சாயங்காலம் கடை கட்டும்போது அந்தத் தொட்டியின் அடியிலிருக்கும் குழாயைத் திறப்பார். பழுப்பாகத் தண்ணீர் கொட்டும். காற்று மட்டுமே போன தொட்டியில் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டேன். "மெட்ராஸ் காத்துல பாதி கடல்தானே" என்றார். பிற்பாடு அதை நான் வகுப்பில் எண்களாகப் போட்டுக் காட்டியிருக்கிறேன். 30 டிகிரியில், ஈரப்பதம் 75 சதவீதமாக இருக்கும் ஒரு கன மீட்டர் கடற்கரைக் காற்றில் சுமார் 23 கிராம் நீராவி இருக்கும். அதை எட்டில் ஒரு பங்காக அமுக்கி, பழைய சூட்டுக்கே ஆறவிட்டால், அந்தச் சிறிய இடம் 4 கிராமுக்கு மேல் ஆவியைத் தாங்காது. மீதி 19 கிராம் தண்ணீராக விழுந்துவிடும். தொட்டியைத் தினமும் வடிக்காதவர் கடையில் அந்தத் தண்ணீர் டயருக்குள் போகும். டயர் சூடேறும்போது மறுபடி ஆவியாகி, காற்றின் கணக்குக்கு மேலேயும் அழுத்தத்தைக் கூட்டும்; ரிம்மைத் துருப்பிடிக்க வைக்கும். பங்கில் விற்கும் நைட்ரஜனின் நியாயம் இங்கேதான் இருக்கிறது. அது உலர்ந்தது. ஆக்சிஜனைவிட அது ரப்பர் வழியே கொஞ்சம் மெதுவாகக் கசிகிறது என்பதும் உண்மை. நன்றாக உலர்த்திய சாதாரணக் காற்றும், மாதம் ஒருமுறை அழுத்தத்தைப் பார்க்கும் பழக்கமும் இருந்தால் நம் ஊர் வண்டிக்கு அது போதும். பாய் தினமும் சாயங்காலம் குனிந்து அந்தக் குழாயைத் திறந்தது நல்ல வேலை. இன்று அந்த வேலையைச் செய்யாத இடத்தில் நாம் பச்சை மூடி வாங்குகிறோம்.

இராயப்பேட்டைக்குப் போகிற வழியில் ஒரு சந்தில் சோடா கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் ஒரு கூரைக்கொட்டகை, ஒரு கரியமில வாயு சிலிண்டர், கையால் சுற்றும் ஒரு சக்கரம். கழுத்தில் கோலி போட்ட கனத்த பாட்டில்களைக் கம்பிக்கூட்டில் செருகிச் சுற்றுவார்கள். வாயு நிறைந்ததும் பாட்டிலைத் தலைகீழாக வெளியே எடுக்கும்போது கோலி ரப்பர் வளையத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். மூடியும் கிடையாது, பூட்டும் கிடையாது. உள்ளே இருக்கும் அழுத்தமே தன்னை அடைத்துவைத்துக்கொள்கிறது. 1872-ல் லண்டனில் ஹைரம் காட் என்பவர் காப்புரிமை வாங்கிய இந்த உபாயம், பிறந்த ஊரில் மறைந்துபோய், நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் ஒரு நூற்றாண்டு வாழ்ந்தது. சக்கரம் சுற்றியவரின் முழங்கையில் கண்ணாடி கிழித்த தழும்புகள் இருந்தன. அரசியல் கூட்டங்களில் சோடா பாட்டில் பறந்த காலம் அது. உடைந்தால் குண்டு மாதிரி சிதறும் என்பதால்தான் கலவரக்காரர்கள் அதைத் தேடினார்கள்.

கோடையில் அந்தக் கொட்டகையில் பாட்டில்கள் மேல் ஈரச்சாக்கு போர்த்தியிருக்கும். குடிக்க ஜில்லென்று இருப்பதற்காக என்று நினைப்போம். தொழிலாளியின் உயிருக்கும் அதுதான் காவல். 10 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சாதாரண அழுத்தத்தில் 1.2 லிட்டர் கரியமில வாயுவைத் தனக்குள் வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் அது 0.67 லிட்டர்தான். வெயிலில் வைத்த பாட்டிலில், தண்ணீர் பிடிவிட்ட வாயுவெல்லாம் மேலே இருக்கும் கொஞ்சம் இடத்தில் வந்து நெரிக்கிறது. பழைய கண்ணாடி அதைப் பொறுக்காது. 2017-ல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு வணிகர் சங்கங்கள் வெளிநாட்டு பானங்களைப் புறக்கணிக்கச் சொன்னபோது கோலி சோடா மறுபடி தலைகாட்டியது, எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கடைக்காரர்கள் கூடையை வெயிலில் விட்டுவைப்பதைப் பார்க்கிறேன். பாட்டில் திரும்பி வந்திருக்கிறது, ஈரச்சாக்கு வரவில்லை.

அதே கரியமில வாயு இன்று தி. நகர் முழுக்க நின்றுகொண்டிருக்கிறது. ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் உள்ள துணிக்கடைகளின் மாடிப்படி ஓரங்களில், கறுப்புக் குழல் வைத்த சிவப்புத் தீயணைப்பு உருளைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் அழுத்தம் காட்டும் முள் இருக்காது. அதற்குக் காரணம் உண்டு. உள்ளே வாயு திரவமாக இருக்கிறது. பாதி தீர்ந்தாலும், கொஞ்சம் திரவம் மிச்சமிருக்கும் வரை அழுத்தம் அப்படியே நிற்கும். முள் வைத்தால் பொய்தான் சொல்லும். எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இதில் நம் ஊருக்கென்றே ஒரு விசேஷம் உண்டு. கரியமில வாயுவை 31 டிகிரிக்குக் கீழே அமுக்கினால் திரவமாகும். 31-ஐத் தாண்டிவிட்டால் எவ்வளவு அமுக்கினாலும் ஆகாது. திரவம் என்றும் ஆவி என்றும் பிரித்துச் சொல்ல முடியாத ஒரே பொருளாகிவிடும். 1869-ல் பெல்ஃபாஸ்டில் தாமஸ் ஆண்ட்ரூஸ் என்ற பேராசிரியர் கண்ணாடிக் குழாயில் அதைக் காட்டினார். குழாய்க்குள் திரவத்துக்கும் ஆவிக்கும் நடுவே இருந்த கோடு மங்கி, கரைந்து, காணாமல் போனது. குளிர் நாட்டில் அவர் சூடேற்றி எட்டிய அந்த வெப்பநிலை, தி. நகரில் மே மாதம் காலை பத்து மணிக்குத் தானே வந்துவிடும். குளிரூட்டிய கூடத்தில் திரவமாக இருக்கும் உருளை, சரக்கு இறக்கும் பின்வாசலுக்குக் கொண்டுபோனால் வேறொன்றாக மாறிவிடுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் வேகமாக ஏறும். வகுப்பில் இதைச் சொன்ன நாளில் பிள்ளைகள் கடைசி மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. பெல்ஃபாஸ்டின் பாடமாக அல்லாமல் தங்கள் தெருவின் பாடமாக அவர்கள் அதைக் கேட்டார்கள்.

எல்லா நினைவும் இனிமையானதில்லை. எங்கள் வீட்டில் பம்ப் ஸ்டவ் இருந்தது. பித்தளைத் தொட்டி, மூன்று கால், ஸ்டவ் பின். 1892-ல் ஸ்வீடனில் லிண்ட்க்விஸ்ட் என்பவர் செய்த ப்ரைமஸின் வழிவந்தது. தொட்டிக்குள் காற்றடித்தால் அந்த அழுத்தம் மண்ணெண்ணெயை மேலே தள்ளும். முன்கூட்டியே சூடாக்கிய பர்னரில் அது ஆவியாகி, ஊசித்துளை வழியாகச் சீறி நீலமாக எரியும். அணைக்க வேண்டுமென்றால் காற்றுத் திருகைத் தளர்த்தினால் போதும்; அழுத்தம் போய்விடும், எண்ணெய் மேலே ஏறாது. கேஸ் கனெக்‌ஷனுக்குப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த நாட்களில் அம்மாவுக்கு அதுதான் அடுப்பு.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் செய்தித்தாளைப் பிரித்தால் "ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு" என்று ஒரு மூலையில் வந்துகொண்டே இருந்தது. கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியின் தீக்காயப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள் என்று முடியும். ஸ்டவ் விபத்துகள் உண்மையில் நடந்தன. அடைத்த துளையைக் கவனிக்காமல் மேலும் மேலும் அடிப்பது, எரிந்துகொண்டிருக்கும்போதே எண்ணெய் ஊற்றுவது, சூடேறிய தொட்டியின் பற்று விட்டுப்போவது என்று எத்தனையோ காரணங்கள். ஆனால் அழுத்தத்தின் விதி ஆளைப் பார்த்து வேலை செய்யாது. மாமியாரும் நாத்தனாரும் கணவனும் புழங்கும் அதே சமையலறையில், கல்யாணமாகிச் சில வருஷமே ஆன பெண்ணின் கையில் மட்டும் ஸ்டவ் வெடித்துக்கொண்டிருக்க இயற்பியலில் வழியில்லை. தொட்டி வெடித்தால் பித்தளை கிழிந்திருக்க வேண்டும். காற்றுத் திருகு இறுக்கியபடியே, தொட்டி முழுசாக நிற்கும் ஸ்டவ் வெடித்த ஸ்டவ் இல்லை. பெண்கள் அமைப்புகள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு 1983-ல் கணவன் வீட்டுக் கொடுமைக்கென்று 498ஏ பிரிவும், 1986-ல் வரதட்சணைச் சாவுக்கென்று 304பி பிரிவும் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்தன. கல்யாணமான ஏழு வருஷத்துக்குள் தீக்காயத்தால் ஒரு பெண் இறந்து, அதற்கு முன் வரதட்சணைக்காக அவள் கொடுமைப்படுத்தப்பட்டிருந்தால், பதில் சொல்ல வேண்டியது அந்த வீடு என்று சட்டம் சொன்னது. என் மாணவிகளுக்குப் பம்ப் ஸ்டவ்வின் குறுக்குவெட்டுப் படத்தை நான் விடாமல் வரையச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். எது வெடிக்கும், எது வெடிக்காது என்று ஒரு பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

பிறகு சிவப்பு சிலிண்டர் வந்தது. 2006 தேர்தலுக்குப் பின் மாநில அரசின் இலவச கேஸ் அடுப்பு, 2016-ல் மத்திய அரசின் உஜ்வலா என்று குடிசைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அது பெண்களுக்குக் கிடைத்த பெரிய விடுதலை. அதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. வீட்டு சிலிண்டரின் கொள்ளளவு 33.3 லிட்டர். அதில் 14.2 கிலோ பியூட்டேனும் புரொப்பேனும் திரவமாக, ஐந்தில் நாலு பங்கு வரை நிரம்பியிருக்கும். மேலே ஒரு பங்கு இடம் வேண்டுமென்றே விட்டது, வெயிலில் திரவம் விரிவதற்காக. கல்யாண வீட்டுச் சமையல்காரர்கள் பெரிய அடுப்பு மூட்டினால் சிலிண்டரின் அடிப்பாதி வியர்க்கும். உள்ளே திரவம் கொதித்து ஆவியாகத் தன் சூட்டையே செலவழிக்கிறது, இரும்பு குளிர்கிறது, நம் ஊர் ஈரக்காற்று அதன் மேல் பனிக்கிறது. குளிர்ந்ததும் அழுத்தம் இறங்கி, தீ சோர்ந்துபோகும். உடனே சிலிண்டரை வெந்நீர் அண்டாவில் இறக்குகிறார்கள், படுக்கப்போட்டு உருட்டுகிறார்கள். மயிலாப்பூர் மண்டபங்களில் இதைப் பார்த்துப் பதறியிருக்கிறேன். படுக்கவைத்தால் ஆவி வர வேண்டிய குழாயில் திரவமே வரும். ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் இருநூற்றுச் சொச்சம் லிட்டர் எரிவாயு. சோர்ந்த சிலிண்டருக்குத் துணையாக இன்னொன்றை இணைப்பதுதான் வழி. சிலிண்டர் கழுத்துப் பட்டையில் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்தும் வருஷமும் அடித்திருப்பார்கள். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன் என்று அடுத்த அழுத்தச் சோதனைக்கான கெடு அது. கெடு தாண்டியதை வாசலிலேயே திருப்பி அனுப்ப நமக்கு உரிமை உண்டு.

அறுபத்துமூவர் விழா பலூன்களைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். எங்கள் சிறுவயதில் மாடவீதியில் பறந்த பலூன்களில் ஹைட்ரஜன் இருந்தது. காரத்தில் அலுமினியத் துண்டுகளைப் போட்டு உருளைக்குள்ளேயே அதைத் தயாரிப்பார்கள். பீடி பற்றவைத்தவன் பக்கத்தில் நின்றால் போதும், விபத்துதான். இப்போது ஹீலியம். 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணத்தை குண்டூரிலிருந்து பிரெஞ்சுக்காரர் ஜான்சனும், மசூலிப்பட்டினத்திலிருந்து நம் மெட்ராஸ் வானாய்வகத்தின் நார்மன் போக்சனும் பார்த்தபோது, நிறமாலையில் தென்பட்ட மஞ்சள் கோடு அதன் முதல் தடயங்களில் ஒன்று. மெட்ராஸ் மாகாண வானத்தில் பிடிபட்ட அந்த வாயு இன்று லஸ் பக்கத்து ஸ்கேன் மையங்களில் மைனஸ் 269 டிகிரியில் திரவமாக எம்.ஆர்.ஐ. காந்தத்தைக் குளிரவைத்துக்கொண்டிருக்கிறது. ஹீலியம் எரியாது, அதனால் அபாயமில்லை என்று பலூன்காரர்கள் நம்புகிறார்கள். 2022 அக்டோபரில் திருச்சியில் கடைவீதியில் வைத்திருந்த ஹீலியம் சிலிண்டர் வெடித்து ஒருவர் இறந்தார். எரியாத வாயுவும் அடைபட்ட அழுத்தத்தால் கொல்லும்.

கொரோனாவின் 2021 மே மாதத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியாது. ஆஸ்பத்திரி வாசல்களில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. வீட்டிலேயே ஆக்சிஜன் சிலிண்டர் வைத்துக்கொண்டவர்கள் அடையாறில் எங்கள் தெருவிலேயே பல பேர். கேஸ் சிலிண்டர் மாதிரி ஆட்டிப் பார்த்தார்கள், தூக்கிப் பார்த்தார்கள். ஆக்சிஜன் அப்படி இல்லை. மைனஸ் 118 டிகிரிக்கு மேல் அதை எந்த அழுத்தமும் திரவமாக்காது. ஆகவே சிலிண்டருக்குள் இருப்பது வாயு மட்டுமே. ஆட்டினால் சத்தம் வராது. ஆனால் அதன் முள் உண்மையைச் சொல்லும். செலவாகச் செலவாக அழுத்தம் அதே விகிதத்தில் இறங்கும். 1662-ல் ராபர்ட் பாயில் அச்சிட்ட விதி, ஐந்து மதிப்பெண்ணுக்காக நாங்கள் உருப்போட வைத்த விதி, அதுதான் இது.

இரவு ஒன்றரை மணிக்கு என் பழைய மாணவன் ஒருவன் கூப்பிட்டான். "டீச்சர், அப்பாவுக்கு வெச்சிருக்கிற சிலிண்டர் முள்ளு தொண்ணூறுல நிக்குது. விடியற வரைக்கும் வருமா?" சிலிண்டரின் அளவைக் கேட்டேன். 10 லிட்டர்க் கொள்ளளவு. நிறைந்திருந்தால் 150 பார், அதாவது 1,500 லிட்டர். இப்போது 90. ஆகவே 900 லிட்டர். நிமிஷத்துக்கு 4 லிட்டர் ஓடுகிறது என்றான். 225 நிமிஷம். ஐந்தே காலுக்கு முடியும். கடைசிச் சொட்டு வரை நம்பக்கூடாது. "நாலரைக்குள்ள அடுத்தது கையில இருக்கணும்டா" என்றேன். நாலு மணிக்கு வேளச்சேரியிலிருந்து இன்னொன்று கொண்டுவந்தார்கள். அவர் பிழைத்தார். அந்த மாதம் இதே கணக்கை இன்னும் பலருக்குப் போட்டுக் கொடுத்தேன். காகிதத்தில் எழுதி குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்: முள் காட்டும் எண்ணைக் கொள்ளளவால் பெருக்கு, ஓட்டத்தால் வகு. எல்லாரும் பிழைக்கவில்லை. ஆனால் எப்போது தீரும் என்று தெரியாமல் முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தக் கொடுமையாவது சில வீடுகளில் இல்லாமலிருந்தது.

சிலிண்டர் கிடைக்காதவர்கள் செறிவூட்டும் கருவியைத் தேடினார்கள். டஸ், புஸ் என்று சில நொடிக்கொரு தரம் மூச்சு விடுமே, அது. அறைக்காற்றை அமுக்கி ஸியோலைட் என்ற மணிகளுக்குள் செலுத்தும். அழுத்தத்தில் நைட்ரஜன் அந்த மணிகளில் ஒட்டிக்கொள்ளும். ஆக்சிஜன் 93 சதவீதம் வரை செறிந்து நோயாளிக்குப் போகும். அழுத்தத்தை விட்டதும் ஒட்டியிருந்த நைட்ரஜன் புஸ்ஸென்று வெளியே போய்விடும். பங்கில் நைட்ரஜன் செய்யும் இயந்திரமும் பெரும்பாலும் இதே வேலையைத் தலைகீழாகச் செய்வதுதான். அங்கே கரிச்சல்லடை ஆக்சிஜனைப் பிடித்துவைத்துக்கொண்டு நைட்ரஜனை அனுப்புகிறது. அந்த ஏப்ரலில் மும்பை ஐ.ஐ.டி.யில் ஒரு நைட்ரஜன் இயந்திரத்தின் கரிச்சல்லடையை எடுத்துவிட்டு ஸியோலைட்டை நிரப்பினார்கள். அது ஆக்சிஜன் கொடுத்தது. மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களுக்காக மைனஸ் 183 டிகிரியில் வைத்திருந்த திரவ ஆக்சிஜனை இஸ்ரோ தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் லாரிகளில் அனுப்பியது. விண்வெளிக்கும் வென்டிலேட்டருக்கும் ஒரே வாயு, ஒரே விதிகள். அதுவரை அதைப் பிரித்துப் பிரித்துப் பாடம் நடத்தியிருந்தோம்.

திரவ நைட்ரஜனை நான் முதலில் பார்த்தது கல்லூரியில். ஒரு குடுவை நிறையக் கொண்டுவந்து, ரோஜாவை அதில் தோய்த்து மேசையில் தட்டினார் பேராசிரியர், கண்ணாடியாக நொறுங்கியது. ஃபாரடே அமுக்கி அமுக்கிப் பார்த்துத் தோற்ற வாயுக்களில் அது ஒன்று. நைட்ரஜன் மைனஸ் 147-க்குக் கீழே போனால்தான் பணியும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1883-ல் போலந்தின் கிராகோவ் நகரில் வ்ரொப்லெவ்ஸ்கி, ஒல்ஷெவ்ஸ்கி என்ற இருவர் அதைக் குடுவையில் அடங்கி நிற்கும் திரவமாக்கினார்கள். எங்கள் பேராசிரியர் கையுறை போட்டு, ஜன்னல்களைத் திறந்துவைத்து, எங்களை இரண்டடி தள்ளி நிறுத்தியிருந்தார்.

போன வருஷம் தி. நகரில் ஒரு கல்யாண வரவேற்பு. ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் "ஸ்மோக் பிஸ்கட்" கவுண்டர். ஒரு பையன் கேனிலிருந்து திரவ நைட்ரஜனைக் கப்பில் ஊற்றி, புகையோடு குழந்தைகள் கையில் கொடுத்துக்கொண்டிருந்தான். வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் புகை வர, பெற்றோர் வீடியோ எடுத்தார்கள். 2024 ஏப்ரலில் தாவணகெரேயில் ஒரு சிறுவன் இப்படிச் சாப்பிட்டுத் துடித்த காட்சி பரவிய பிறகு, நம் மாநில உணவுப் பாதுகாப்புத் துறையும் எச்சரிக்கை விடுத்தது: திரவம் முழுக்க ஆவியாகிப் போகாமல் உணவைக் கொடுக்கக்கூடாது. இங்கே யாரும் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

நான் அவனிடம் போனேன். "இது எவ்வளவு குளிர் தெரியுமாப்பா?" என்றேன்.

"மைனஸ் நூத்தித் தொண்ணூத்தாறு ஆன்ட்டி" என்றான், உடனே. "ஆனா ஒண்ணும் பண்ணாது. பாருங்க." உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றினான். துளிகள் உருண்டு ஓடிவிட்டன.

கையின் சூட்டில் அடியில் ஆவிப் படலம் எழுந்து துளியைத் தூக்கிப் பிடிக்கிறது, அதனால் ஒட்டவில்லை என்று சொன்னேன். பிஸ்கட்டின் ஓட்டைகளில் தேங்கிய திரவம் நாக்கில் அழுந்தினால் அந்தப் படலத்துக்கு இடமில்லை. திசு வெந்தது போல் செத்துப்போகும். அதைவிட மோசம் விழுங்கினால். ஒரு தேக்கரண்டி, 5 மில்லி, வயிற்றின் சூட்டில் மூன்றரை லிட்டர் வாயுவாகும். வயிறு ஒன்று, ஒன்றரை லிட்டர்தான் தாங்கும். அவன் கையிலிருந்த கப்பைக் கீழே வைத்தான்.

"எங்களுக்கு யாரும் இதச் சொல்லல ஆன்ட்டி. ஊத்து, சிரிச்சுக்கிட்டே குடுன்னாங்க." பிறகு கேட்டான்: "எவ்ளோ நேரம் விடணும்?"

"புகை சுத்தமா நிக்கணும். கப்போட அடியில சொட்டுக்கூட இருக்கக்கூடாது. அதுக்கப்புறமும் கொஞ்சம் பொறு."

பெரிய கேனை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். மேடைக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத ஏ.சி. அறையில், அங்கேதான் அவர்கள் மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களாம். 10 லிட்டர் கேன் கவிழ்ந்தால் 7,000 லிட்டர் நைட்ரஜன் அந்த அறையின் காற்றைத் தள்ளிவிட்டு நிறையும். மணம் கிடையாது, மூச்சுமுட்டலும் தெரியாது. கரியமில வாயு கூடினால்தான் உடம்பு பதறும், ஆக்சிஜன் குறைந்தால் பதறாமலே மயங்கிவிடும். இதைச் சொன்னதும் அவன் தன் கூட்டாளியைக் கூப்பிட்டான். இரண்டு பேருமாகக் கேனைத் தூக்கி வெளிவராந்தாவில், காற்றோட்டமாக, வைத்தார்கள். கூட்டாளி மூடியை இறுக்கித் திருகப்போனான். இறுக்காதே, ஆவி போக வழியில்லையென்றால் கேனே வெடிக்கும், சும்மா மேலே வைத்தால் போதும் என்று சொல்லிவிட்டு நான் பந்திக்குப் போனேன்.